சின்ன டிராக்டருக்காக நான் நிரப்பிய கட்டங்கள்

கண்ணமங்கலத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. சாலையோரம் ஒரு வாழைத்தோட்டம். இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சின்ன டிராக்டர் உள்ளே போனது, கோடியில் திரும்பியது, ஒரு இலையைக்கூடக் கிழிக்காமல் வெளியே வந்தது. நான்கடி அகலம் இருக்கும். என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் போய் அந்த வண்டியைக் கையால் அளந்துகொண்டிருந்தேன்.

புதூர்நாட்டு மலைக் கிராமங்களில் பெரிய டிராக்டர் ஏறினால் திரும்ப இடம் கிடையாது. கல் வரப்பு, பலாமரம், மறுபடி கல் வரப்பு. அங்கே இந்த வண்டி திரும்பும். வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வேளாண் பொறியியல் படித்தவன், கையில் செய்ய ஒன்றுமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தவன். அடுத்த பஸ் வருவதற்குள் மனதுக்குள் திட்டம் முழுதாக முடிந்துவிட்டது. எனக்கு எல்லாமே சீக்கிரம் முடிந்துவிடும். அதுதான் என் கோளாறு.

இயந்திர வாடகைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் இதை எழுதுகிறேன். இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனாலும் இப்போதே எழுத ஒரு காரணம் இருக்கிறது. உங்களிடம் கொடுத்திருக்கும் பயிற்சிக் கோப்பைத் திறந்து பாருங்கள். மூன்றாவதாக ‘ஆண்டுப் பயன்பாடு மதிப்பீடு – மாதிரி’ என்று ஒரு கட்டு இருக்கும். நாற்பத்தொரு படிவங்கள், மொத்தம் 576 மணி நேரம். அது நான் தயாரித்தது. பயிற்சியில் அதைப் போலவே செய்யச் சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

டிராக்டரை லீசுக்குத் தருகிறவர்கள் முதலில் கேட்பது வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத்தான். வண்டியில் ஹவர் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அதில் ஏறிக்கொண்டே போகும். அறுநூறு மணி நேரமாவது காட்டினால்தான் மலைக்கு வண்டி தருவோம் என்றார்கள். உழவு மாடு வைத்திருக்கிறவர்களைப் பாதியாகத்தான் கணக்கில் எடுப்போம் என்றும் சொன்னார்கள். நியாயம்தான். மாடு இருக்கிறவர் டிராக்டரை எதற்குக் கூப்பிடப் போகிறார்?

தை மாதம் மேலே போய் ஒரு புளியமரத்தடியில் கூட்டம் போட்டேன். படிவத்தில் மூன்று கட்டம்: நிலம் எவ்வளவு, மாடு உண்டா, வருடத்துக்கு எவ்வளவு நேரம் வண்டி வேண்டும். முதல் இரண்டுக்கும் பதில் கிடுகிடுவென்று வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டது.

“வருஷத்துக்கு எவ்ளோ நேரம்ணா வண்டி வேணும்?” என்று முன்னால் உட்கார்ந்திருந்தவரைக் கேட்டேன்.

“மழ வுட்ட மறுநாளு” என்றார்.

“அது எப்பன்னு கேட்டா சொல்ற பதிலுணா. நான் கேக்கறது எவ்ளோ நேரம்.”

“அதான் சார் சொல்றேன். மழ வுட்ட மறுநாளு. காலைலயே வந்துட்டா நல்லது.”

அடுத்தவரைக் கேட்டேன். “மொத மழைக்கு வரணும். அது தப்பிச்சின்னா அப்பறம் நீ வந்தாலும் ஒண்ணுதான், வராங்காட்டியும் ஒண்ணுதான்” என்றார். அதற்கடுத்தவர், முதல் இருவரும் சொன்னதையே தானும் சொல்வதாகச் சொன்னார்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். காசியம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். மேல் கொல்லி என்று அவர்கள் சொல்லும் உச்சிப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார்.

“எத்தினி மணி நேரம்னு கேக்கறியே சார், சோறு எத்தினி நிமிசம் வேணும்னு யாரனா கேப்பாங்களா? பசிக்கறப்போ வேணும், அவ்ளோதான்.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மனதுக்குள், இவர்களுக்குக் கேள்வி புரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பத்தொரு பேரில் மூன்று பேர்தான் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார்கள். அதுவும் என் முகத்தைப் பார்த்து, எனக்கு வேலை முடியட்டும் என்று சொன்னதாக இருக்கலாம். மற்ற முப்பத்தெட்டுப் பேரின் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. திரும்பும்போது ஷேர் ஜீப்பில் ஆள் சேராமல் அதன் டிரைவர் காத்திருந்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து படிவங்களை மடியில் வைத்துக்கொண்டேன். ஏக்கருக்கு ஒரு உழவு இரண்டு மணி நேரம். கோடை உழவு, விதைப்புக்கு முந்தைய உழவு, விதைப்பு உழவு என்று மூன்று. மொத்தம் தொண்ணூற்றாறு ஏக்கர். ஜீப் நிறைவதற்குள் கட்டங்கள் எல்லாம் நிறைந்துவிட்டன. அந்த மூன்று பேர் சொன்ன எண்கள் என் வாய்ப்பாட்டுக்குப் பொருந்தவில்லை. அவற்றையும் அடித்துவிட்டு எழுதினேன்.

அதாவது, உங்கள் கோப்பில் ‘விவசாயிகளின் கூற்றுப்படி’ என்று தலைப்பிட்டிருக்கும் மணி நேர எண்களில் ஒன்றைக்கூட எந்த விவசாயியும் கூறவில்லை. எல்லாம் என் பேனா. நீல மை. மூலப் படிவத்தில் முதல் இரண்டு கட்டமும் கூட்டத்தில் எழுதிய கறுப்பு மை, மூன்றாவது மட்டும் நீலம். நகல் எடுத்ததில் தெரியாமல் போயிற்று.

576 வந்தது. அறுநூறுக்கு இருபத்துநாலு குறைச்சல். அதை ‘இதர வேலைகள்’ என்று போட்டேன். ஒரு டிராக்டர் போதுமா என்ற கேள்வியும் வந்தது. அறுநூறை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தேன். நாளைக்கு இரண்டு மணி நேரம்கூட வரவில்லை. தாராளம் என்று எழுதினேன். அந்த வார்த்தை அப்படியே அறிக்கையில் இருக்கிறது.

இன்னும் ஒரு சிக்கல். நான்கு பேரிடம் உழவு மாடு இருந்தது. அவர்களைப் பாதியாக எடுத்தால் அறுநூறு வராது. மூன்று பேர் வயது காரணமாகவோ தீவனம் காரணமாகவோ மாட்டை விற்றுவிடுகிற எண்ணத்தில்தான் இருந்தார்கள். நான்காவது காசியம்மா. அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன்.

கொட்டகையில் சிவப்பும் வெள்ளையுமாகக் குட்டையான ஜோடி நின்றது. மலை மாடுகள். காசியம்மா சாணம் அள்ளிக்கொண்டே பேசினார்.

“மாட்ட வித்துட்டா, நாளைக்கி அது எடத்துல நீ வந்து நிப்பியா சார்?”

“டிராக்டர் வந்து நிக்கும்க்கா.”

“அதுக்குப் புல்லு வாணாம். அது நல்லதுதான்.” கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வெளயாட்டுக்குக் கேக்கல. எங்க வூட்டுக்காரரு காப்பி எஸ்டேட்ல கீறாரு. வூட்ல சாம இருந்தாத்தான் நான் இங்க இருப்பேன். அது இல்லன்னா பசங்கள ஹாஸ்டல்ல வுட்டுட்டு நானும் பொறப்படணும். எனக்கு இருக்கறது இந்த ஒரு வெள்ளாமதான். பாத்து சொல்லு.”

“நான் பொறுப்புக்கா” என்றேன்.

ஆறு மாதம் கழித்து அந்தச் சொல்லின் கனம் தெரிந்தது. சொன்னபோது எதுவும் தெரியவில்லை. மனதில் 576 மட்டும்தான் இருந்தது.

பங்குனியில் வண்டி வந்தது. சித்திரையில் கோடை உழவு. அதற்கு அவசரமே இல்லை. இன்று முடியாவிட்டால் நாளை, நாளை முடியாவிட்டால் அடுத்த வாரம். லிஸ்ட் போட்டு வரிசையாக உழுதோம். எல்லோருக்கும் சந்தோஷம். காசியம்மா தன் ஒன்றரை ஏக்கர் மூன்று மணி நேரத்தில் முடிந்ததைப் பார்த்துவிட்டு, வைகாசியில் மாட்டைக் கீழே சந்தைக்கு ஓட்டிவிட்டார். எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். அவர் விற்பதற்கு முன்பே நான் படிவத்தில் ‘மாடு இல்லை’ என்று திருத்தி எழுதிவிட்டிருந்தேன், அது உண்மையாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அன்று வந்தது நிம்மதிதான்.

ஆடி பிறந்து நல்ல மழை. ஒரே மழையில் மொத்த மலையும் நனைந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குள் முப்பது போனுக்கு மேல் வந்துவிட்டது. எல்லோரும் தையில் சொன்ன பதிலைத்தான் சொன்னார்கள். மழ வுட்ட மறுநாளு.

சாமையை வீசி விதைத்து, ஈரம் இருக்கும்போதே உழுது மூட வேண்டும். அந்த ஈரம் ஆறு நாள் நிற்கும். மேலே, பாறைக்கு மேல் ஒரு சாண் மண் இருக்கும் இடங்களில் நான்கு நாள் நின்றால் பெரிது. என்னிடம் ஒரு டிராக்டர். லிஸ்டில் நாற்பத்தொரு பேர். மணி நேரத்தை மிச்சப்படுத்த, நிலம் அதிகம் உள்ளவர்களை முதலில் வைத்து, கீழிருந்து மேலாக லிஸ்ட் போட்டிருந்தேன். காசியம்மா முப்பத்தெட்டாவது.

எங்கள் டிராக்டர் டிரைவர் கண்ணமங்கலத்துக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் பூசைக்குக்கூடப் போகாமல் விடியற்காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு முடிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“தம்பி, மேல போய்ட்லாம்.”

“லிஸ்ட்ல இங்கயே இன்னும் நெறைய பேர் கீறாங்கணா.”

“லிஸ்ட்டப் பாத்தா மழ பேஞ்சிது? கீழ மண்ணு கனம். இன்னும் ரெண்டு நாளு தாங்கும். மேல காத்தடிச்சா போச்சி. அந்தம்மா நேத்தே ரெண்டுவாட்டி போன் பண்ணுச்சி எனக்கு.”

எனக்கும் பண்ணியிருந்தார். நான் ‘வர்றோம்க்கா’ என்று வைத்துவிட்டேன்.

“மேல ஏறி எறங்கவே மூணு மணி நேரம் மீட்டர் ஓடும்ணா. ஒரு ஏக்கர்கூட உழாம.”

“ஓடுனா இன்னா? அதுக்கு இன்னா பசிக்குதா?”

“வாடக வராத நேரத்துக்கு டீசலு யாரு கணக்குணா? லீஸ்ல எல்லாம் பாப்பாங்க.”

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஏறி ஸ்டார்ட் பண்ணினார்.

அன்று போயிருந்தால் கிடைத்திருக்கும். அதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. என் தாளில் அதற்கு இடம் இல்லை. அவர் சொன்னபடி போனால் அந்தத் தாளே தப்பு என்று ஆகிவிடும். அதற்கு மனம் வரவில்லை.

ஆறாம் நாள் காலை லிஸ்டில் பதினான்காம் பெயரை முடித்தபோது மண் மேலே வெளுக்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் லிஸ்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மேலே போகலாம் என்றேன். டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

காசியம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூடையில் விதைச் சாமை, மேலே ஈரத்துணி. எத்தனை நாளாக அப்படிக் காத்திருந்தார் என்று கேட்கவில்லை. கலப்பையை இறக்கியதும் தெரிந்துவிட்டது. மண்ணுக்குள் இறங்கவில்லை. கூரை ஓட்டின்மேல் இழுப்பதுபோல் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. பெயர்ந்து வந்ததெல்லாம் தலை பருமனில் கட்டிகள். டிரைவர் அரை ஏக்கரில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் காசியம்மாவைப் பார்த்தேன்.

“ஓட்டுங்க. முழுசும் ஓட்டிடுங்க” என்றார் அவர்.

முழுதும் ஓட்டினோம். மூன்று மணி நேரம் ஆயிற்று. அவர் கட்டிகளுக்கு நடுவே விதையை வீசவில்லை. கூடையை மூடியே வைத்திருந்தார். இறங்கும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“எழுதிக்கோ சார். மூணு மணி நேரம். நீ சொன்ன நேரம் சரியாத்தான் கீது” என்றார்.

குத்தலாகச் சொன்னாரா, உள்ளபடி சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கே நின்றுதான் மனதுக்குள் மறுபடி வகுத்தேன். தொண்ணூற்றாறு ஏக்கர், ஏக்கருக்கு இரண்டு மணி நேரம், விதைப்புக்கு மட்டும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம். நாளெல்லாம் ஓட்டினாலும் பதினைந்து நாளுக்கு மேல். ஈரம் ஆறு நாள். மூன்றாம் வகுப்புக் கணக்கு. அதை நான் தை மாதமே ஜீப்பில் உட்கார்ந்து போட்டிருக்கலாம். நான் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவர்கள் எந்த நேரம் என்று சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தைச் சொன்னார்கள் என்பதுதான் அந்தக் கூட்டத்திலிருந்து நான் எடுத்துவந்திருக்க வேண்டிய ஒரே தகவல். அதை விட்டுவிட்டு எண்களை எடுத்துவந்தேன்.

இருபத்தேழு பேருக்கு ஈரத்தில் உழவு கிடைக்கவில்லை. சிலர் பக்கத்து ஊர் மாட்டை இரவல் வாங்கி ஓட்டினார்கள். கனமான மண் உள்ளவர்களை அடுத்த மழை காப்பாற்றியது. அது இருபது நாள் தள்ளி வந்தது. காசியம்மாவும் அந்த மழையில் விதைத்தார். களை முந்திக்கொண்டது. கார்த்திகையில் அவர் வீட்டுக்கு வந்த சாமை இரண்டு மாதச் சாப்பாட்டுக்குக் காணாது.

இனி நடந்ததுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாமல் போனது. வருடம் முடிய வேண்டும், மீட்டர் ஓட வேண்டும். விதைப்பு போனதால் மணி நேரம் குறைந்து நின்றது. நான் வண்டிக்கு வேலை தேட ஆரம்பித்தேன். டிரெய்லர் மாட்டிப் பலாப்பழம், ஜல்லி, செங்கல் எல்லாம் ஏற்றினோம். மார்கழியில் லாரியில் ஏற்றி அமிர்திப் பக்கம் ஒரு நாற்றங்காலுக்கு மண் அடிக்க அனுப்பினேன். மலைக்காக லீசுக்கு எடுத்த வண்டி சமதரையில் மண் அடித்தது. மாசி முடிவில் மீட்டர் 588 காட்டியது. நான் எழுதிய 576க்குப் பன்னிரண்டுதான் வித்தியாசம்.

அலுவலகக் கூட்டத்தில் கைதட்டினார்கள். இவ்வளவு துல்லியமான மதிப்பீட்டை இதுவரை யாரும் செய்ததில்லை என்றார் எங்கள் மேலாளர். ஒரு சால்வை போர்த்தினார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் என் படிவக் கட்டு மாதிரியாக நகலெடுக்கப்பட்டது. அதைத்தான் நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் சால்வையைப் பையில் வைத்துக்கொண்டே மேலே போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. காசியம்மா வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர், “எஸ்டேட்டுக்குப் போயிட்டாங்க சார், பொங்கலுக்கு முன்னாலயே. பசங்க ஹாஸ்டல்ல கீதுங்க” என்றார். மாட்டுக்கொட்டகையில் யாரோ விறகு அடுக்கியிருந்தார்கள்.

சால்வை இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது.

நீங்கள் இந்த வேலையில் எண்களைத் தப்பாகப் போட்டால் யாராவது கண்டுபிடித்துத் திருத்திவிடுவார்கள். என் எண் சரியாக வந்தது. அதனால்தான் யாரும் எதையும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு ஊரே சேர்ந்து வேறு பதில் சொன்னால், அவர்களுக்குப் புரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள். ஜீப் நிறையக் காத்திருக்கும்போது படிவத்தைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஏதாவது சொன்னால், அது அவருக்கு எவ்வளவு சிரமமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். அன்று நான் யோசிக்கவில்லை.

போன வாரம் மேலாளரைப் பார்த்து, மூன்றாவது கட்டத்தை நிரப்பியது யார் என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தக் கட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, “இத வெளிய சொல்லணுமா?” என்றார். சொல்ல வேண்டும் என்றேன். இந்த மாதத்தோடு மதிப்பீட்டு மேசையிலிருந்து விலகி, மறுபடி புதூர்நாட்டுக்குக் களப்பணிக்கே போகிறேன். நான் கேட்டு வாங்கியதுதான்.

காசியம்மா பங்குனியில் திரும்பி வந்துவிட்டார் என்று டிரைவர் சொன்னார். ஒரு மாடு வாங்கியிருக்கிறாராம். ஜோடி சேரவில்லை. பக்கத்து நிலத்துக்காரரிடம் இன்னொன்று இருக்கிறதாம். இரண்டையும் சேர்த்து ஓட்டப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

இந்த வருடம் செய்து பார்க்க நினைப்பது இது. விதைப்பு வாரத்துக்கு மட்டும் கீழிருந்து இன்னும் இரண்டு சின்ன டிராக்டர்களை மலைக்கு ஏற்ற வேண்டும். சமதரைக்காரர்களுக்கு அந்த வாரம் வேலை இருக்காது, பேசிப் பார்க்கலாம். லிஸ்ட் மேலிருந்து கீழே, மண் மெலிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மாடு வைத்திருக்கிறவர்களையும் நம் வாடகைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவர்களைப் பாதியாக எடுப்பதற்குப் பதில், ஒரு வண்டிக்குச் சமமாக எடுக்க வேண்டும். நடக்குமா என்று தெரியாது. மதிப்பீடு எதுவும் நான் இன்னும் எழுதவில்லை.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வரும் புதன்கிழமை அதே புளியமரத்தடியில் கூட்டம். பழைய படிவங்கள் நாற்பத்தொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன். நகலை எடுத்துப்போகப் போவதில்லை, நீல மை தெரியும் மூலத்தைத்தான். எந்தக் கட்டத்தை அவர்கள் சொன்னார்கள், எதை நான் எழுதினேன் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டப் போகிறேன். முப்பத்தெட்டாவதிலிருந்து ஆரம்பிப்பேன். காசியம்மா என்ன சொல்வார் என்று தெரியாது. படித்து முடித்தபிறகு, எந்த நேரம் வண்டி வேண்டும் என்று மட்டும் கேட்கப் போகிறேன். அவர்கள் எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை என் பேனா பையிலேயே இருக்கும்.